வேடிங் ஆற்றில் மழையோடு ஒரு நாள் கனூ: போனது சரியா?

ஆற்றோரம் | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். நியூ ஜெர்சிப் பக்கம் இருப்பவர்கள் இங்கே பலர் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன். நேற்று, ஜூன் முதல் சனிக்கிழமை, பைன் பேரன்ஸ் காட்டுக்குள் ஓடும் வேடிங் ஆற்றில் கனூ (ஒடுங்கிய, நீளமான துடுப்புப் படகு) ஓட்டப் போனோம். நானும் என் 11 வயது மகளும் ஒரு கனூ. என் மனைவியும் அவள் தம்பியும் இன்னொரு கனூ. காலையில் கிளம்பும்போதே தூறல். நாள் முழுக்க விட்டுவிட்டு மழை, இடி இல்லை என்றுதான் வானிலை அறிக்கையில் இருந்தது. வாடகைக்கடையில் "வேறு நாளுக்கு மாற்றிக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார்கள். இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்ட பயணம். போகிறோம் என்று சொல்லிவிட்டோம்.

ஹாக்கின்ஸ் பாலத்தருகே வேனில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். எவன்ஸ் பாலத்தில் கரையேற வேண்டும். அன்று அந்தப் பகுதியில் எங்களைத் தவிர ஒரே ஒரு கனூவைத்தான் பார்த்தோம். வெயில் நாளில் அங்கே திருவிழாக் கூட்டம் என்கிறார்கள்.

அந்தத் தண்ணீரை முதலில் சொல்ல வேண்டும். பால் விடாத தேநீர் நிறம். கையில் அள்ளினால் பொன்னிறம், ஆழத்தில் கருப்பு. மழைத்துளி விழுந்த இடத்தில் ஒரு நொடி மட்டும் வெள்ளையாக ஒரு முத்து எழும்பி உருண்டு உடைகிறது. கருப்புத் தண்ணீர் என்பதால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. என் மகள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவளை ஓட்டச் சொல்லவில்லை.

ஆற்றின் இரண்டு பக்கமும் சீடர் மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. திறந்த இடத்தில் மழை முகத்தில் அடிக்கும். சீடர் நிழலுக்குள் நுழைந்ததும் சட்டென்று நின்றுவிடும். பிறகு ஐந்து நிமிடம் கழித்து, வெளியே மழை விட்ட பிறகு, உள்ளே பெரிய பெரிய சொட்டாக விழ ஆரம்பிக்கும். அந்த மரங்களுக்குள் மழைக்குத் தனிக் கடிகாரம். ஒரு வளைவில் யாரோ ஆணி அடிப்பது போலச் சத்தம் கேட்டது. இரண்டு ஆசாரிகள் மாறி மாறிச் சுத்தியல் போடுவது போல. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அது ஒரு தவளை, பெயரே 'தச்சுத் தவளை'.

மதியத்துக்குச் சற்று முன்பு மனைவியின் கனூ கவிழ்ந்தது. ஆற்றுக்குக் குறுக்கே முக்கால் அகலத்துக்கு ஒரு சீடர் விழுந்து கிடந்தது. நாங்கள் இடது பக்க இடைவெளியில் புகுந்துவிட்டோம். அவர்கள் கொஞ்சம் தாமதம். நீரோட்டம் கனூவைப் பக்கவாட்டாகத் திருப்பி மரத்தோடு சேர்த்தது. இருவரும் பயந்து மரத்தைவிட்டு விலகிச் சாய்ந்தார்கள். அவ்வளவுதான், நீரோட்டம் வரும் பக்கத்து விளிம்பு தண்ணீருக்குள் போய், இரண்டு மூச்சு விடும் நேரத்தில் கனூ நிறைந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீர், மணல் தரை, இருவரும் உயிர்காப்பு உடுப்பு போட்டிருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. ஆனால் இருவரும் ஜீன்ஸ். அரை மணியில் மனைவிக்கு உதடு நீலம் பாய்ந்து, பல் கிட்டித்து, டப்பாவின் மூடியைத் திறக்க விரல் வளையவில்லை. மணல்திட்டில் ஏற்றி, மகளுக்கென்று வைத்திருந்த கம்பளிச் சட்டையை மாட்டி, பிளாஸ்கில் கொண்டுவந்த மிளகு ரசத்தைக் கொடுத்தோம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்கினோம். அதன் பிறகு நன்றாகவே இருந்தது. கரையேறும்போது "இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருக்கலாம்" என்று சொன்னதே அவள்தான்.

ஊரில் சொன்னதும் அம்மாவும் மாமாவும் திட்டித் தீர்த்துவிட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். மழையில் இறங்கியது தப்பா, அல்லது இறங்கிய விதம் தப்பா?

---

மல்லிகைப்பந்தல் | ஞாயிறு, இரவு 10:15

கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. நானும் ஒரு அம்மா என்பதால் சொல்கிறேன். மழை பெய்யும் ஆற்றில் 11 வயதுப் பிள்ளையோடு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. கவிழ்ந்தது உங்கள் கனூவாக இருந்தால்? தண்ணீர் திடீரென்று ஏறியிருந்தால்? இயற்கை அழகாக இருந்தது என்பது உண்மையாக இருக்கலாம். அதைக் கரையில் நின்றும் பார்க்கலாமே.

---

தேனிக்காரர் | ஞாயிறு, இரவு 10:48

சகோதரி கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் பெரியகுளம் பக்கம். கும்பக்கரை அருவியில் நாங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போதே, எங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே, தண்ணீர் நிறம் மாறி வரும். மேலே கொடைக்கானல் மலையில் மழை பெய்திருக்கும். நிறம் மாறினால் துணியைக்கூட எடுக்காமல் ஏறு என்று எங்கள் தாத்தா சொல்லி வளர்த்தார். வனத்துறை இப்போதும் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுகிறது. அதனால் மழை, ஆறு என்ற இரண்டு வார்த்தை சேர்ந்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். அங்கே எப்படி?

---

துடுப்புக்காரர் | திங்கள், காலை 6:20

நான் பதினெட்டு வருடமாகப் பைன் பேரன்ஸ் ஆறுகளில் கனூ ஓட்டுகிறேன். வேடிங், ஆஸ்வீகோ, மல்லிக்கா, பாட்ஸ்டோ நான்கும் பழக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேனிக்காரர் சொன்ன பயம் மலை ஆற்றுக்கு முழுக்கச் சரி. பைன் பேரன்ஸ் மலையே இல்லை. கடலோரச் சமவெளி, காலுக்குக் கீழே எல்லாம் மணல். பாறைச்சரிவில் விழும் மழை உடனே ஓடையில் இறங்கிவிடும். மணலில் விழும் மழை அப்படியே உள்ளே இறங்குகிறது. அந்த மணலுக்கடியில் கிர்க்வுட்-கோஹன்சி என்ற நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. அதில் சுமார் 17 லட்சம் கோடி காலன் தண்ணீர் இருப்பதாகக் கணக்கு. ஆற்றில் ஓடுவதில் பெரும்பங்கு அந்த ஊற்றுத் தண்ணீர்தான். அதனால்தான் கோடையிலும் வற்றுவதில்லை, சாதாரண மழைக்குச் சட்டென்று பொங்குவதும் இல்லை. புயல் மழை வேறு. பல அங்குலம் கொட்டினால் இந்த ஆறுகளும் கரை தாண்டி மரங்களுக்குள் புகும். அப்போது இறங்கவே கூடாது. கிளம்பும் முன் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் இணையதளத்தில் ஆஸ்வீகோ ஆற்றின் ஹாரிஸ்வில் நீர்மட்ட அளவுமானியைப் பாருங்கள். நான் முந்தைய நாள் இரவு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை பார்ப்பேன். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் போகமாட்டேன்.

இந்தப் பாடத்தை டெலவேர் ஆற்றுக்கோ வேறு எந்த ஆற்றுக்கோ தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இது மணல் ஆற்றுக்கு மட்டும்.

இன்னொன்று, அந்தத் தேநீர் நிறம் அழுக்கில்லை. சீடர் மரத்திலிருந்தும் மக்கும் இலைகளிலிருந்தும் இறங்கும் துவர்ப்புச் சத்தும், தண்ணீரில் கரைந்த இரும்பும் சேர்ந்த நிறம். இயற்கையாகவே புளிப்புத் தன்மை கொண்ட தண்ணீர். அந்த இரும்பு சதுப்பு ஓரத்தில் படிந்து கட்டியாகும். அதை வெட்டி உருக்கித்தான் 1766-இல் பாட்ஸ்டோவில் இரும்பாலை தொடங்கினார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரில் படைக்குத் தேவையான இரும்புச் சாமான்கள் அங்கிருந்து போயின. பிறகு 1876-இல் ஜோசப் வார்ட்டன் என்ற பிலடெல்பியா தொழிலதிபர் அந்த நிலங்களை வாங்கினார். இந்தத் தண்ணீரைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோவது அவர் திட்டம். நியூ ஜெர்சிச் சட்டசபை தண்ணீரை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகத் தடை போட்டுவிட்டது. 1950-களில் அரசே அந்த நிலத்தை வாங்கியது. நீங்கள் ஓட்டிய ஆறு வார்ட்டன் மாநிலக் காட்டுக்குள் ஓடுகிறது. அந்தத் தடை வந்திராவிட்டால் அந்த ஆறு இன்று எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

இப்போது உங்கள் கேள்வி. மழையில் இறங்கியது தப்பில்லை. மூன்று விஷயம் தப்பு: ஜீன்ஸ், மாற்றுத்துணி, விழுந்த மரத்தை அணுகிய விதம். வேலைக்குக் கிளம்ப வேண்டும், சாயந்திரம் விவரமாக எழுதுகிறேன்.

---

நெய்தல் | திங்கள், காலை 11:05

தச்சுத் தவளை வரியைப் படித்துவிட்டு அலுவலகத்தில் அந்த ஒலியைத் தேடிக் கேட்டேன். அச்சு அசல் சுத்தியல்தான். நன்றி.

---

கடலோடி | திங்கள், மாலை 5:30

நான் டொரொன்டோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணக் கரையோரம். அப்பா கடற்தொழில். சின்ன வயதில் வள்ளத்தில் ஏறினால் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். இங்கே வந்து அல்கொன்குயின் பார்க்கில் முதல் தரம் கனூவில் இருந்தபோது, சொல்லித்தந்த பெடியன் ஆங்கிலத்தில் சொன்ன முன்னும் பின்னும் என் மனதில் அணியம், அமரம் என்றே பதிந்தது. இன்றைக்கும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்கிறேன். "அணியத்தில் தங்கச்சி, அமரத்தில் அண்ணா" என்றால் சண்டை இல்லாமல் ஏறி இருப்பினம்.

தம்பி ஆற்றோரம், உங்கள் மனைவியின் கனூவில் அமரத்தில் இருந்தது யார்? பழக்கமில்லாத இரண்டு பேரை ஒரு கனூவில் விட்டதுதான் எனக்குப் பிழையாகத் தெரிகிறது. நீங்கள் அந்தக் கனூவின் அமரத்தில் இருந்திருக்க வேண்டும். அல்லது கனூவுக்கு ஒரு பழகின ஆள் என்று பிரித்திருக்க வேண்டும்.

மல்லிகைப்பந்தல் தங்கச்சி, மழை என்றால் கடலுக்குப் போகாமல் இருந்தவர் இல்லை என் அப்பா. காற்று என்றால் போகமாட்டார். தண்ணீரில் மழையை விடக் காற்றுக்கும் குளிருக்கும்தான் பயப்பட வேண்டும். மரங்கள் மூடிய ஒடுங்கின ஆற்றில் காற்று குறைவு. அந்த வகையில் இவர்கள் தேர்ந்த இடம் நல்லது.

---

துடுப்புக்காரர் | திங்கள், இரவு 8:50

கடலோடி அண்ணா சொன்னது சரி. அணியம், அமரம் இனி நானும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் விழுந்த மரம். பைன் பேரன்ஸில் பாறை இல்லை, பெரிய அருவி இல்லை, இருக்கிற ஆபத்து இந்த மரம்தான். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து வெளியே போய்விடும், மனிதன் போக முடியாது. சல்லடையில் மாட்டிய மாதிரி. அதனால்:

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். அடுத்து என்ன வருகிறது என்று தெரியாமல் எந்த வளைவிலும் நுழையாதீர்கள். அணியத்தில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும், அவர் குரல் கொடுக்க வேண்டும். இடைவெளி தெரியவில்லை என்றால் மரத்துக்கு முன்னாலேயே கரை ஒதுங்கி, இறங்கி, கனூவைத் தூக்கியோ இழுத்தோ தாண்டிப் போகலாம். அதில் வெட்கமே இல்லை. ஒரே பயணத்தில் ஆறு தடவை இழுத்துத் தாண்டியிருக்கிறேன்.

மீறி, பக்கவாட்டாக மரத்தில் மோதிவிட்டால் மரத்தை நோக்கிச் சாயுங்கள். மரத்தைக் கட்டிப்பிடியுங்கள். மனசு எதிர்ப்பக்கம் சாயத்தான் சொல்லும். அப்படிச் சாய்ந்தால் நீரோட்டம் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்து, ஆறு முழுக்க உள்ளே கொட்டும். உங்கள் மனைவிக்கும் மைத்துனருக்கும் நடந்தது அதேதான். இதை ஏறுமுன் கரையில் நிற்கும் கனூவிலேயே உட்கார்ந்து நாலு தடவை செய்து பார்க்க வேண்டும். வாயால் சொன்னால் அந்த நேரத்தில் ஞாபகம் வராது. உடம்புக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

தண்ணீரில் விழுந்துவிட்டால் கனூவுக்குக் கீழ்ப்பக்கம், அதாவது தண்ணீர் போகும் பக்கம், நிற்கவே கூடாது. நீர் நிறைந்த கனூ பல நூறு கிலோ. அதற்கும் மரத்துக்கும் இடையில் கால் மாட்டினால் இடுப்பளவு தண்ணீரும் ஆபத்துதான்.

இப்போது குளிர். ஜூன் மாதம்தானே என்று நினைத்திருப்பீர்கள். அது ஊற்றுத் தண்ணீர், மர நிழல், ஜூன் தொடக்கத்தில் இன்னும் சூடேறியிருக்காது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஜீன்ஸ் பருத்தி. நனைந்தால் உலராது, உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பனியனும் அப்படித்தான். மழை நாளில் பாலியஸ்டர் அல்லது கம்பளி, மேலே மழைக்கோட்டு. ஆளுக்கு ஒரு முழு மாற்றுத்துணி, வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பையில், பையைக் கனூவில் கட்டி. கட்டாத பை கவிழ்ந்ததும் அதன் வழியில் போய்விடும்.

உங்கள் மனைவிக்கு விரல் வளையவில்லை என்று எழுதியதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. உடம்பு குளிர்ந்து போவதன் அடையாளம் அது. அதற்கடுத்த படி நடுக்கம் நிற்பது, பேச்சு குழறுவது. நடுக்கம் நின்றால் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். அப்படியில்லை, நிலைமை மோசமாகிறது என்று பொருள். நீங்கள் ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததை மாட்டி, சூடாகக் கொடுத்து, நேரம் எடுத்துக்கொண்டீர்கள். முழுக்கச் சரி. மிளகு ரசம் நல்ல யோசனை, இனி நானும் கொண்டுபோவேன்.

இடி விஷயத்தில் மட்டும் சமரசம் கிடையாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள். 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் தண்ணீரில் இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் மறுபடி இறங்க வேண்டும். வானிலை அறிக்கையில் இடி என்று இருந்தால் நான் கனூவைக் காரில் ஏற்றுவதே இல்லை.

---

ஆற்றோரம் | திங்கள், இரவு 10:30

அண்ணா, கைகூப்பி நன்றி. படித்துக்கொண்டே மனைவிக்கும் சத்தமாக வாசித்தேன். "மரத்தை நோக்கிச் சாய" என்ற இடத்தில் அவள் நிறுத்தச் சொல்லி மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

கடலோடி அண்ணா கேட்டதற்குப் பதில்: மைத்துனன்தான் அமரத்தில். அவனுக்கு இது இரண்டாவது தடவை, மனைவிக்கு முதல் தடவை. நான் மகளைப் பற்றியே யோசித்து, பெரியவர்கள் சமாளித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். அது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

மல்லிகைப்பந்தல், உங்கள் மேல் கோபம் எதற்கு? நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் சனிக்கிழமை ராத்திரி தூங்காமல் நானே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் கரையில் நின்று பார்ப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரசம் குடித்த மணல்திட்டில் மகள் குப்புறப் படுத்துக்கொண்டு கூப்பிட்டாள். ஈரப் பாசியில் அரைக்காசு அளவில் சிவப்பாக ஏதோ. கிட்டே போனால், சின்னக் கரண்டி போல இலை, அதைச் சுற்றிச் சிவப்பு மயிர்கள், ஒவ்வொரு மயிர் நுனியிலும் பசை மாதிரி ஒரு துளி. மழைத்துளி இல்லை அது, விரலில் ஒட்டியது. ஓர் இலையில் கொசு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, இலை அதன் மேல் பாதி மடங்கியிருந்தது. பூச்சி தின்னும் பனித்துளிச் செடி. புளிப்பு மண்ணில் சத்து கிடைக்காததால் அது பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று நான் சொன்னதும், "அப்ப இந்த ஆறு இப்படி இருக்கிறதாலதான் இது இங்க இருக்கா?" என்று கேட்டாள். சாலையிலிருந்து அந்தத் திட்டுக்கு வழி இல்லை. கனூவில்தான் வர முடியும். அதனால்தான் மறுபடியும் போக விரும்புகிறேன், இந்தத் தடவை ஒழுங்காக.

---

தேனிக்காரர் | செவ்வாய், காலை 7:10

ஒரே ஆற்றில் இரும்பு, தேநீர் நிறம், பூச்சி தின்னும் செடி. நான் கேட்டதற்கு நல்ல பதில் கிடைத்தது. ஒகேனக்கல்லில் பரிசலில் போனது மட்டும்தான் என் அனுபவம். பரிசல் வட்டம் என்பதால் சுற்றும். கனூ நேராகப் போக என்ன செய்வார்கள்? ஒரே பக்கம் வலித்தால் மறுபக்கம் திரும்பாதா?

---

துடுப்புக்காரர் | செவ்வாய், இரவு 9:00

திரும்பும். அதைச் சரிசெய்வது அமரத்தில் இருப்பவர் வேலை. துடுப்பை இடுப்பு வரை வலித்ததும், மேல்கைக் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி காம்பை முறுக்கி, அலகால் தண்ணீரை வெளிப்பக்கம் மெல்லத் தள்ள வேண்டும். தண்ணீரில் அலகு போகும் பாதை தூண்டில் முள் மாதிரி இருக்கும். பழகிவிட்டால் பக்கம் மாற்றாமலே மணிக்கணக்கில் நேராகப் போகலாம், சத்தமும் வராது. சத்தமில்லாமல் போனால்தான் வெயில் காயும் ஆமை கட்டையிலிருந்து குதிக்காது. ஏரியில் அரை நாள் பழகிவிட்டு ஆற்றுக்கு வாருங்கள்.

ஆற்றோரம், ஒன்று விட்டுவிட்டேன். மணல்திட்டில் குப்புறப் படுத்தாள் என்றால் அன்றைக்கே உண்ணி பார்த்தீர்களா? பைன் பேரன்ஸில் உண்ணி அதிகம். முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் பாருங்கள்.

---

ஆற்றோரம் | செவ்வாய், இரவு 9:25

பார்த்தோம் அண்ணா. கணுக்காலில் ஒன்று இருந்தது, இடுக்கியால் எடுத்தாயிற்று. பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சொல்லத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம்.

ஜூலை கடைசியில் ஆஸ்வீகோ ஏரியிலிருந்து ஹாரிஸ்வில் வரை போகலாம் என்று திட்டம். துடுப்புக்காரர் அண்ணா வருவதாகத் தனிமடலில் சொல்லியிருக்கிறார். கனூவுக்கு ஒரு பழகின ஆள் என்ற கணக்கில்தான் பிரிக்கிறோம். இரண்டு இடம் காலி.

---

மல்லிகைப்பந்தல் | புதன், காலை 8:40

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். நான் இன்னும் பயப்படுகிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சிவப்புச் செடியைப் பற்றி என் மகனிடம் சொல்லிவிட்டேன். 9 வயது, 28 கிலோ. நேற்றிலிருந்து அதே பேச்சு. நீச்சல் தெரியும். அந்த இரண்டு இடத்தை எங்களுக்கு வைக்க முடியுமா? உயிர்காப்பு உடுப்பு அவன் அளவுக்குக் கடையில் கிடைக்குமா, நாங்களே வாங்கிக்கொண்டு வர வேண்டுமா?

---

துடுப்புக்காரர் | புதன், இரவு 7:55

வாங்க சகோதரி. நீங்களே வாங்கிவிடுங்கள். வாடகையில் கிடைப்பது பிள்ளைகளுக்குச் சரியாக அமைவதில்லை. உள்பக்கம் எடை அச்சடித்திருக்கும். சிறுவர் அளவு 50 முதல் 90 பவுண்டு, உங்கள் மகன் 62 பவுண்டு போல வருகிறான், அதற்குள் அடங்கும். போட்டுவிட்டு எல்லா வாரையும் இறுக்குங்கள். பிறகு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் பெரியது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முகவாய்க்குக் கீழேயே நின்றால் சரி.